உடைமையும் உருபும்: பன்மை ஆறாம் வேற்றுமை பற்றி ஊவாவிலிருந்து ஒரு நோக்கு

ஆங்கிலம் கற்கும் நம் மாணவரை மிகவும் மயங்கவைக்கும் இடங்களுள் ஒன்று, பன்மைப் பெயர்கள் உடைமைப் பொருளில் வழங்கும் முறையாகும். முன்னிடைச்சொல்லை அடுத்து அவை வரும்போதும், தொழிற்பெயரைச் சார்ந்து வரும்போதும் மயக்கம் இரட்டிக்கிறது. பதுளை, பசறை, ஹாலி-எல, பண்டாரவளைப் பகுதித் தோட்டப் பாடசாலைகளிலே பயின்று பல்கலைக்கழகம் புகும் மாணவர், விரிவுரைகள் யாவும் ஆங்கிலத்தில் நிகழும் சூழலில் இம்மயக்கத்தை நேர்கொள்கின்றனர். பதுளையிலேயே 2005-இல் நிறுவப்பெற்ற ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகத்தின் போதனை மொழியும் ஆங்கிலமே. இதனைப் பயிற்சிக் குறைவு என்று கூறி அமைவது எளிது. ஆயினும், யாருக்கு எது உடைமை என்ற வினா ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீராதிருக்கும் ஒரு நிலப்பரப்பிலே, உடைமையைக் குறிக்கும் உருபு எவ்வாறு தொழிற்படுகிறது என்பதை ஆராய்வது பயனுடைத்து எனக் கருதுகிறோம்.

தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை வேண்டும். 'உடைமை', 'சொந்தம்' முதலாய சொற்களின் உறவைக் காட்டித் தனியுடைமையை மனித இயல்பாக நிறுவ முயன்றோரை மார்க்சும் எங்கெல்சும் 'ஜெர்மன் கருத்தியல்' என்னும் நூலில் எள்ளி நகையாடினர். வேற்றுமை உருபிலிருந்து உற்பத்தி உறவை வருவித்தல் கருத்துமுதல்வாதமே. மொழி மேற்கட்டுமானத்தின் பகுதியன்று என 1950-இல் ஸ்டாலின் எழுதியதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அதே வேளை, மொழிக்குறியே வர்க்கங்கள் மோதும் களமாகிறது என்று 1929-இல் வொலோஷினோவ் காட்டினார். உருபு சமூக உறவைப் படைப்பதில்லை. ஆனால் அவ்வுறவு வெளிப்படும் இடமாகவும் மறைக்கப்படும் இடமாகவும் அது அமைகிறது. இவ்வளவே நமது கருதுகோள்.

1

ஆங்கிலத்தில் 'வேர்க்கர்ஸ்' என்னும் ஒலியைக் கேட்பவர் அதனை மூன்று வகையாகக் கொள்ளலாம்: தொழிலாளர் பலர், தொழிலாளர் ஒருவருடைய, தொழிலாளர் பலருடைய. இம்மூன்றும் ஒலியில் ஒன்றே. எழுத்திலே மட்டும், ஸகரத்தின் முன்னோ பின்னோ இடப்படும் சிறு மேற்குறி அவற்றை வேறுபடுத்துகிறது. பன்மை உடைமைக்கு அக்குறியை ஸகரத்தின் பின் இடும் வழக்கு 18ஆம் நூற்றாண்டிலும் அதன் பின்னருமே நிலைபெற்றது. ஆகவே பலர் கூடிக் கொண்ட உடைமை, பல இடங்களில், செவிக்குப் புலப்படாது தாளில் மட்டும் உள்ளதாகிறது.

தொழிற்பெயரோடு சேரும்போது இது மேலும் நுணுக்கமடைகிறது. தொழிலாளர் வேலையை நிறுத்தியதைத் துரை எதிர்த்தார் என்பதை ஆங்கிலத்தில் இருவகையாக எழுதலாம். தொழிலாளர் என்பதை உடைமை வேற்றுமையில் நிறுத்தினால், நிறுத்தம் அவர்களுக்கு உரிய செயலாகிறது. எதிர்ப்புக்கு இலக்காவதும் அச்செயலே. உருபின்றி நிறுத்தினால், ஆளும் செயலும் ஒன்றாய்க் கலந்து நிற்கின்றன. இரண்டாவது வடிவத்தைப் பௌலர் இலக்கணப் பிழையெனக் கண்டித்தார். 1926-இல் வெளியான அவரது அகராதியும் அக்கண்டனத்தை வலியுறுத்திற்று. டென்மார்க்கு மொழியியலாளர் யெஸ்பர்சனோ பழைய ஆசிரியர்களின் வழக்கை எடுத்துக்காட்டி அதனை ஆதரித்தார். ஸகரத்தில் முடியும் பன்மைப் பெயர்களைப் பொறுத்தவரை அவ்விவாதம் முழுவதும் செவி அறியாத ஒரு மேற்குறியைப் பற்றியதே என்பது கவனத்துக்குரியது.

முன்னிடைச்சொல்லின் பின் வரும்போது பொருளே மாறக்கூடும். 'தொழிலாளர் படம்' என்பதை ஆங்கிலத்தில் 'ஒவ்' என்னும் முன்னிடைச்சொல்லால் விரிக்கும்போது, பின்வரும் பன்மைப் பெயர் குறியின்றி நின்றால், படத்திலே தீட்டப்பட்டோர் தொழிலாளர். குறியோடு நின்றால், படங்களுக்கு உரியோர் தொழிலாளர். இது அவற்றுள் ஒன்று. காட்சிப்பொருளாதல், உரியோராதல் என்னும் இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு மேற்குறியின் அளவே. மலையகத்தைப் பற்றிய எழுத்து, மலையகத்தவரின் எழுத்து என நாம் நெடுங்காலமாக நடத்திவரும் விவாதத்தின் இலக்கண வடிவம் இதுவெனலாம்.

2

தமிழின் நிலை வேறு. 'தொழிலாளியினது', 'தொழிலாளர்களது' என்பன செவிக்கே வேறுபட்டு ஒலிக்கின்றன. உடையோரின் ஒருமை பன்மை பெயரிலேயே விளங்கிவிடுவதால், பவணந்தியார் உடைமைப் பொருளின் எண்ணையே கருத்திற் கொண்டார்: அது, ஆது என்பன ஒருமைப் பொருளுக்கும், அகரம் பன்மைப் பொருளுக்கும் உரிய உருபுகள் என நன்னூல் வகுத்தது. இன்று அவ்வேறுபாடு வழக்கிறந்தது.

இதனினும் முக்கியமானது தொல்காப்பியம் கூறும் ஒரு விதி. ஆறாம் வேற்றுமைத் தொகையில் உடைமையாக நிற்பது உயர்திணைப் பெயராயின், விரிக்கும்போது 'அது' என்னும் உருபு கெட்டுக் குகர உருபு வரும். மகனை 'நம்பியது மகன்' என விரித்தலாகாது. 'நம்பிக்கு மகன்' என்றே விரித்தல் வேண்டும். மனிதரை அஃறிணைப் பொருளைப் போல உடைமையாக்கிப் பேசுவதை அம்மரபு ஏற்கவில்லை. இதனைப் பண்டைச் சமூகத்தின் சமத்துவத்துக்குச் சான்றாகக் கொள்வது பிழை; அடிமைகளும் ஏவலரும் அச்சமூகத்திலும் இருந்தனர். எனினும் 'தோட்டத் தொழிலாளர்' என்னும் தொகையை எவ்வாறு விரிப்பது என்ற வினாவை இவ்விதி நம்முன் வைக்கிறது. தோட்டத்தினது தொழிலாளரா, தோட்டத்திற் பணிபுரியும் தொழிலாளரா? லயமும் மருந்தும் பிள்ளைகளின் பாடசாலையும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருந்த காலத்தில், நடைமுறை முதலாவது விரிவையே பின்பற்றிற்று.

தொழிற்பெயரைப் பொறுத்தவரை, 'தொழிலாளர் கூலி கேட்டது' எனக் காலங்காட்டும் தொழிற்பெயர் எழுவாயை எழுவாயாகவே ஏற்கும். 'தொழிலாளரது போராட்டம்' எனப் பெயர்த்தன்மை மிக்கது உருபை ஏற்கும். ஆங்கிலத்தை அடியொற்றி 'தொழிலாளர்களது வெளியேறுதலைத் தொடர்ந்து' என எழுதும் அலுவலகத் தமிழ் இவ்விரண்டையும் குழப்புகிறது. 'தொழிலாளர் வெளியேறியதும்' என்றாலே போதும்; அப்போது வினைமுதல் வினைமுதலாகவே நிற்பார். யார் வெளியேற்றினர் என்ற அடுத்த வினாவும் எழும்.

3

இலக்கியத்திலிருந்து ஒரு சான்று காண்போம். சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையின் தலைப்பு 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்'. முன்னிடைச்சொல்லும் அதனை அடுத்து உடைமை வேற்றுமையும் அமைந்த தலைப்பு இது. சக்தீ அ. பால ஐயா அதனைத் தமிழாக்கியபோது 'தேயிலைத் தோட்டத்திலே' என்றார். இடவேற்றுமை எஞ்சியது, உடைமை வேற்றுமை மறைந்தது.

இது வெறும் சுருக்கமன்று. 1947-இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்றவர் வேலுப்பிள்ளை. 1948-இன் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த சட்டங்களும் அவரைத் தெரிந்தனுப்பிய மக்களை நாடற்றோராக்கி வாக்குரிமையையும் பறித்தன. அதன் பின்னர் 1950களில் நூலுருப்பெற்ற கவிதையின் தலைப்பில் தோட்டம் 'இலங்கையினுடையது' எனப்படுவதில் ஓர் உரிமைக்கோரிக்கை உண்டு: இத்தோட்டம் இந்நாட்டினது, ஆகவே இதை ஆக்கியோரும் இந்நாட்டினர். தமிழ்த் தலைப்பின் ஈற்றேகாரம் நாட்டார் பாடலின் தொனியைத் தந்து கவிதையை அதன் மாந்தரிடம் சேர்க்கிறது. ஆயினும் அக்கோரிக்கை அதில் ஒலிக்கவில்லை. குரல் பெறப்பட்டது, வாதம் இழக்கப்பட்டது என்பதே நமது மதிப்பீடு. தோட்டம் தொழிலாளருடையது என்னும் பன்மை உடைமை இரு தலைப்புகளிலும் இல்லை என்பதையும் கூறியாக வேண்டும்.

4

அப்பன்மை எங்கே உள்ளது? அமைப்புகளின் பெயர்களில் உள்ளது. 1854-இல் தோன்றிய தோட்டத் துரைமார் சங்கம், 1929-இல் தோன்றிய முதலாளிமார் சம்மேளனம், 1950-இல் பெயர்மாற்றம் பெற்ற இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் ஆகிய மூன்றின் ஆங்கிலப் பெயர்களும் பன்மை உடைமை வேற்றுமை கொண்டவை. இலக்கணம் மூன்றையும் ஒரே நிலையில் வைக்கிறது. முதலிரு பெயர்களின் பின்னே மூலதனம் நின்றது. மூன்றாவதன் பின்னே நின்றது உழைப்புச் சக்தி மட்டுமே. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992-இல் அவற்றின் முகாமை தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடையோர் மாறினர், தொழிலாளர் உடையோராகவில்லை. ஹப்புத்தளைக்கு அருகே தம்பேத்தன்னைத் தோட்டத்து உச்சிக்கு 'லிப்டன் சீட்' என்று பெயர். ஆங்கிலத்தில் அது ஒருமை உடைமை வேற்றுமை. அம்மலைச்சரிவிலே கொழுந்து பறித்த பல தலைமுறைப் பெண்களின் பெயரால் அங்கு ஒரு பாறைதானும் இல்லை.

உறுப்பும் பண்பும் தற்கிழமை. நிலமும் பொருளும் பிறிதின்கிழமை என்பது நம் இலக்கண மரபு. உழைப்புச் சக்தி தொழிலாளரின் உடலோடு ஒன்றிய தற்கிழமை. அது கூலிக்கு விற்கப்படும்போது பிறிதின்கிழமையாகிறது. மார்க்ஸ் அந்நியமாதல் என்றதன் ஒரு கூறு இதுவே. தோட்ட வழக்கு இதனை மிகத் துல்லியமாகப் பதிந்துள்ளது. ஒரு நாள் வேலைக்குச் செக்ரோலில் இடப்படும் கணக்கு 'பேர்' எனப்படும். குறித்த நிறைக்குக் கொழுந்து சேராவிடின் 'அரைப்பேர்'. ஒருவரின் பெயரே கூலியின் அலகாகிப் பாதியாக வெட்டப்படுகிறது.

2014 ஒக்டோபர் 29-இல் கொஸ்லந்தை, மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை விழுங்கியது. அங்கு மாண்டோர், தமக்கென உறுதிப்பத்திரம் இல்லாத குடியிருப்புகளில் வாழ்ந்தவர்கள். 'தொழிலாளர் வீடுகள்' என்னும் தொகையை 'தொழிலாளருடைய வீடுகள்' என விரிக்கும்போது, உருபு ஓர் உண்மையை உரைக்க வேண்டும். இலக்கண ஆசிரியராலோ திறனாய்வாளராலோ அவ்வுண்மையை உண்டாக்கிவிட இயலாது. தொகையிலே மறைந்திருப்பதை விரித்துக் காட்டுவது அவர்களது கடன்; அதனை மெய்யாக்குவது காணியுரிமைக்கான போராட்டத்தின் பணி.