குறுக்குக் காற்றும் ரீஸ்டார்ட் பொத்தானும்

போர் விமான சிமுலேட்டரை வாங்கியவர் முதலில் ஏவுகணையைத்தான் விட்டுப் பார்ப்பார். குறுக்குக் காற்றில் இறங்கிப் பழகும் ஆசை வருவதற்குச் சில மாதங்கள் ஆகும். டிசிஎஸ் வேர்ல்டிலும் ஃபால்கன் பிஎம்எஸ்ஸிலும் காற்றின் திசையையும் வேகத்தையும் நாமே வைத்துக்கொள்ளலாம். விடிய விடிய இறங்கலாம். இப்படிப் பழகினால் என்ன தேறும்? கண்ணும் கணக்கும் தேறும். கால் தேறுவது சந்தேகம் என்பது என் கட்சி.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். எங்கள் பக்கத்துச் சேலம் விமான நிலையம் காமலாபுரத்தில் இருக்கிறது. ஓடுதளம் 04/22, நீளம் சுமார் 1,800 மீட்டர். 22 என்றால் 220 பாகையை, அதாவது தென்மேற்கை நோக்கி இறங்குவது. தென்மேற்குப் பருவக்காற்றுக்குத் தோதான கிடப்பு. ஆனால் காற்று கொஞ்சம் திரும்பி நேர் மேற்கிலிருந்து 20 நாட் வேகத்தில் அடித்தால் இடைக்கோணம் 50 பாகை. அதன் சைன் மதிப்பு 0.77. ஆக, 15 நாட் காற்று வலப்புறத்திலிருந்து விமானத்தைத் தள்ளும். செஸ்னா 172 கையேட்டில், செய்து காட்டப்பட்டதாகப் போட்டிருக்கும் குறுக்குக் காற்றின் அளவும் அதே 15 நாட்தான்.

மோகனூர்க் கரையில் நின்று காவிரியைப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் எளிது. பரிசல் தள்ளுகிறவர் எதிர்க்கரைத் துறைக்கு நேராகத் துழாவுவதில்லை. துறைக்கு மேலே குறிவைப்பார், நீரோட்டம் கீழே கொண்டுவந்து சேர்க்கும். விமானியும் மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பித்தான் ஓடுதளத்தை நெருங்குகிறார். ஆனால் பரிசலுக்குச் சக்கரம் இல்லை. தரை தொடும் நொடியில் விமானத்தின் மூக்கு ஓடுதளத்துக்கு நேராக வந்தாக வேண்டும். இடது பெடலை மிதித்து மூக்கைத் திருப்ப வேண்டும்; அதே மூச்சில் ஸ்டிக்கை வலப்பக்கம் சாய்த்து இறக்கையைக் காற்றுக்குள் தாழ்த்த வேண்டும். வலச் சக்கரம் முதலில், பிறகு இடது, கடைசியாக மூக்குச் சக்கரம். வேகம் குறையக் குறைய ஸ்டிக் இன்னும் வலப்பக்கம் போக வேண்டும், தளர்த்தக் கூடாது.

இந்த வரிசையைச் சிமுலேட்டர் நன்றாகவே கற்றுத்தருகிறது. ஓடுதளம் கண்ணாடியின் இடது ஓரத்தில் தெரிந்தாலும் விமானம் சரியாகத்தான் போகிறது என்று நம்பக் கண் பழக வேண்டும். அதற்குத் திரும்பத் திரும்பப் பார்ப்பதைத் தவிர வழியில்லை. நிஜத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் எரிபொருளும் காசும் கரையும். இரண்டாம் உலகப் போர் விமானங்கள் கற்றுத்தரும் பாடம் வேறு. மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் சக்கரங்களுக்கு இடையே அகலம் குறைவு, மூன்றாவது சக்கரம் வாலில். தரை தொட்டதும் கால் அசந்தால் விமானம் தன்னையே சுற்றிக்கொண்டு குப்புறச் சாயும். இறங்கியாயிற்று என்று நினைப்பதே ஆபத்து என்பதை அந்த விமானம் இரக்கமில்லாமல் சொல்லிக்கொடுக்கும்.

ஜெட் விமானங்கள் கண்ணை ஏமாற்றும். 150 நாட் வேகத்தில் வருகிற ஜெட்டுக்கு 15 நாட் குறுக்குக் காற்றில் மூக்கை ஆறு பாகை திருப்பினால் போதும். 60 நாட்டில் வரும் செஸ்னாவுக்கு ஏறக்குறைய 15 பாகை வேண்டும். எஃப்-16-ஐ மூக்கை நேராக்காமல் கோணலாகவே தரையில் வைத்துவிடலாம். அது தானே நிமிர்ந்துகொள்ளும். அதில் தேறிய தைரியத்தோடு பயிற்சி விமானத்தில் ஏறுகிற பையனுக்கு முதல் பலத்த காற்றிலேயே வேர்க்கும்.

பெரிய குறை காற்றிலேயே இருக்கிறது. நாம் வைத்த 15 நாட் இறங்கும் வரை ஏறக்குறைய 15 நாட்டாகவே இருக்கிறது. கொந்தளிப்பைக் கூட்டினால் விமானம் குலுங்கும், அவ்வளவுதான். மரத்தோப்பைத் தாண்டியதும் சட்டென்று விழுந்து, அடுத்த நொடி இரட்டிப்பாக அடிக்கும் காற்று அதில் இல்லை. வீட்டுக் கணினியை மட்டும் குறை சொல்வதற்கில்லை. 2008 டிசம்பர் 20 அன்று அமெரிக்காவின் டென்வரில் கான்டினென்டல் நிறுவனத்தின் போயிங் 737, புறப்பட ஓடும்போது 45 நாட் வரை எகிறிய குறுக்குக் காற்றில் ஓடுதளத்தை விட்டு விலகித் தீப்பிடித்தது. உயிரிழப்பு இல்லை. விசாரித்த அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், துணைக் காரணங்களில் ஒன்றாக விமான நிறுவனங்களின் குறுக்குக் காற்றுப் பயிற்சி போதாததையும், சிமுலேட்டர்களில் வீச்சுக் காற்று சரியாக வடிக்கப்படாததையும் சொன்னது. கோடிக்கணக்கில் விலைபோகும் தொழில்முறைக் கருவிகளைப் பற்றிய தீர்ப்பு அது.

அடுத்தது கால். பெரும்பாலோர் ஜாய்ஸ்டிக்கை முறுக்கித்தான் மூக்கைத் திருப்புகிறார்கள். கால் செய்ய வேண்டிய வேலையை மணிக்கட்டு பழகிக்கொள்கிறது. ஸ்பிரிங் வைத்த அந்தக் குச்சியில் காற்றின் எதிர்ப்பு கைக்கு வருவதில்லை. விமானம் பக்கவாட்டில் சறுக்குவதை இருக்கையில் உட்கார்ந்த உடம்பு உணர்வதும் இல்லை. வீட்டில் பறந்த மணிகளை உரிமத்துக்குக் கணக்கில் எடுப்பதில்லை என்பதில் நியாயம் இருக்கிறது.

இவற்றைவிட எனக்கு உறுத்துவது ரீஸ்டார்ட் பொத்தான். பத்து முறை உடைத்து ஒரு முறை இறங்கினால், அந்த ஒன்று மட்டும் வீடியோவாகிறது. இறங்காமல் மேலெழும்பிப் போய்விடும் முடிவை யாரும் பழகுவதே இல்லை. அதைப் பழக வழியில்லாமல் இல்லை. டிசிஎஸ்ஸின் இலவச காகசஸ் வரைபடத்தில் பாத்துமி ஓடுதளம் 13/31. சற்று வடக்கே கொபுலெட்டியில் 07/25. காற்றை 250 பாகையிலிருந்து 25 நாட்டுக்கு வைத்தால் பாத்துமியில் அது 22 நாட் குறுக்குக் காற்று, கொபுலெட்டியில் நேர் எதிர்க்காற்று. இரண்டு முயற்சிக்கும் கொபுலெட்டி போய்ச் சேரவும் மட்டும் எரிபொருளை நிரப்பிக்கொண்டு, ரீஸ்டார்ட் விசையின் இணைப்பை அமைப்புகளில் நீக்கிவிட்டுப் பாத்துமியை நோக்கித் திரும்ப வேண்டும்.