ஓப்பன்-தமிழ் நிரலகம்: பயனும் பரவாமையும்

ஓப்பன்-தமிழ் என்பது தமிழ் உரையைக் கணினியில் கையாள்வதற்காகப் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற நிரலகம். எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை 2013 முதல் இதை வளர்த்து வருகிறார். தன்னார்வலர்கள் பலரும் நிரல் அளித்துள்ளனர். எம்.ஐ.டி. உரிமத்தில் வெளியாவதால் இதை யாரும் எடுத்தாளலாம், மாற்றலாம், விற்பனைக்குரிய மென்பொருளிலும் சேர்க்கலாம். நிறுவ ஒரே ஒரு பிப் கட்டளை போதும். இருந்தும், தமிழ் உரையோடு வேலை செய்யும் மாணவர்களுக்குக்கூட இது முதலில் நினைவுக்கு வரும் கருவியாக இல்லை.

இதன் தேவையை உணரக் கொங்கு நாட்டின் ஊர்ப்பெயர்களே போதும். 'கோயம்புத்தூர்' என்ற சொல்லில் ஏழு எழுத்துகள் உள்ளன. பைத்தானில் அதன் நீளத்தைக் கேட்டால் 13 என்று விடை வரும். ஒருங்குறியில் 'தூ' என்பது தகரமும் ஊகாரக் குறியுமாக இரண்டு குறியெண்கள். 'ர்' என்பது ரகரமும் புள்ளியுமாக இரண்டு. ஓப்பன்-தமிழின் எழுத்துப் பிரிப்பான் ஏழு எழுத்துகளை ஏழாகவே தரும். குறுக்கெழுத்துப் புதிர் முதல் யாப்பு ஆய்வு வரை எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

வரிசைப்படுத்துவதிலும் இதே சிக்கல். தமிழ் அகரவரிசையில் வகரத்துக்குப் பின் ழகரம். ஆகவே பவானி முன்னும் பழனி பின்னும் வரவேண்டும். ஒருங்குறி அட்டவணையில் ழகரம் வகரத்துக்கு முன்னால் இருப்பதால், வெறும் குறியெண்களைக் கொண்டு வரிசைப்படுத்தும் நிரல் பழனியை முன்னே வைத்துவிடும். சொற்களை அகரவரிசைப்படி ஒப்பிடும் செயற்கூறு இந்நிரலகத்தில் உண்டு.

இவையாவது கண்ணுக்குத் தெரியும் பிழைகள். கண்ணுக்குத் தெரியாத பிழைதான் பெரிது. இயந்திரக் கற்றலுக்கு மாணவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் சைக்கிட்-லேர்ன் நிரலகம், உரையைச் சொற்களாகப் பிரிக்க ஓர் இயல்பு விதியை வைத்திருக்கிறது: அடுத்தடுத்து இரண்டு எழுத்துருக்களாவது இருந்தால்தான் அது சொல். பைத்தானோ தமிழின் உயிர்க்குறிகளையும் புள்ளியையும் எழுத்தாக எண்ணுவதில்லை. ஆகவே 'நாமக்கல்' என்று கொடுத்தால் 'மக', 'கல' என்ற இரண்டு துண்டுகள் கிடைக்கும். 'கரூர்' வெறும் 'கர' ஆகும். 'ஈரோடு' 'ஈர' ஆகும். 'கோவை', 'திருப்பூர்' இரண்டும் சொற்பட்டியலிலிருந்தே காணாமல் போகும். நிரல் எந்த எச்சரிக்கையும் தராமல் ஓடி முடிந்து, துல்லியம் இத்தனை விழுக்காடு என்றும் காட்டிவிடும். தமிழில் வரும் குடிநீர்ப் புகார்களை ஊர்வாரியாக வகைப்படுத்தும் ஒரு திட்டப்பணியில் இப்படி நேர்ந்தால், கோவையிலிருந்து வந்த புகாரில் ஊரின் பெயரே இராது. ஓப்பன்-தமிழைக் கொண்டு உரையை எழுத்துகளாகப் பிரித்துச் சொற்களாகக் கூட்டினால் இந்தச் சிதைவு நேராது. வெற்றிடத்தைக் கொண்டு பிரித்தாலே பாதிக்குமேல் சரியாகிவிடும் என்பதும் உண்மைதான். ஆனால் சிதைவு நடக்கிறது என்பது முதலில் தெரியவேண்டுமே.

நிரலகத்தின் மீதும் குறை உண்டு. எழுத்துப் பிரிப்பு, எண்ணைத் தமிழ்ச் சொல்லாக்கல், ஒலிபெயர்ப்பு, பழைய குறியேற்றங்களை மாற்றல், சொல்திருத்தி என ஒரே கூரையின்கீழ் பலவற்றைச் சேர்த்திருக்கிறார்கள். எல்லாம் ஒரே தரத்தில் இல்லை. எழுத்துநிலைக் கருவிகள் உறுதியானவை. சொல்திருத்தியை அப்படிச் சொல்ல முடியாது. ஒட்டுநிலை மொழியான தமிழில் ஒரு வினையடியிலிருந்து எண்ணற்ற வடிவங்கள் பிறக்கும். சொற்பட்டியலை முதன்மையாக நம்பும் முறை அவற்றை எட்டாது. 'சொல்றேனுங்க', 'வாரீங்களா' போன்ற கொங்குப் பேச்சுவழக்கு எந்தப் பட்டியலிலும் இராது. புதிதாக வருபவர் முதலில் சொல்திருத்தியைச் சோதித்துப் பார்த்தால், முழு நிரலகத்தையும் அதைக் கொண்டே எடைபோட்டு ஒதுக்கிவிடுவார். எது முதிர்ந்தது, எது முயற்சி நிலையில் உள்ளது என்று முகப்பிலேயே பிரித்துச் சொல்வது நல்லது.

தமிழ்க் கணிமைக்குக் கோவை புதிய ஊரன்று. 2010 ஜூன் மாதம் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டுடன் தமிழ் இணைய மாநாடும் அங்கே நடந்தது. அப்போதுதான் ஒருங்குறியையும், ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியெண் தரும் டேஸ்-16 குறியேற்றத்தையும் தமிழக அரசு தரப்பாடுகளாக அறிவித்தது. தரப்பாட்டுக்கு அரசாணை கிடைத்தது. அதன்மேல் இயங்கவேண்டிய நிரல்களைத் தன்னார்வலர்கள்தான் எழுதவேண்டியிருந்தது. தமிழ்ப்பற்றைச் சொல்லி அவற்றைப் பயன்படுத்துமாறு மேடையில் கேட்டுக்கொள்வதால் நிரலாளர் யாரும் கருவியை மாற்றிக்கொள்வதில்லை.

மாறாக நடந்தது ஒன்று உண்டு. ஸ்னோபால் என்னும் பன்மொழித் திட்டத்தில் தமிழுக்கான வேர்ச்சொல் பிரிப்பான் சேர்க்கப்பட்டது. அதை உள்ளடக்கிய போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2019இல் தன் 12ஆம் பதிப்பிலிருந்து தமிழ் உரைத்தேடலைப் பெற்றது. தமிழ்க் கருவி என்று தேடிப் போகாதவர்களின் கணினிகளுக்கும் அது போய்ச் சேர்ந்தது. ஓப்பன்-தமிழுக்கும் இந்த வழி திறந்தே இருக்கிறது. சைக்கிட்-லேர்னில் சொற்பிரிப்பானை மாற்றிக் கொடுப்பதற்கென்றே ஓர் இடம் உள்ளது. அங்கே இந்நிரலகத்தைப் பொருத்தும் முறையை, நாமக்கல்லும் கரூரும் சிதைவதைக் காட்டித் தமிழில் ஒரு பக்கம் எழுதுவது ஒரு மாணவருக்கு ஒரு வார வேலைதான்.