கழிவா, வரவா? ஆராய்ச்சி வரிச்சலுகையும் கட்டைபறிச்சான் வயலும்

மூதூரிலிருந்து சம்பூருக்குப் போகும் வழியில் இருக்கிறது கட்டைபறிச்சான். கொட்டியாரக் குடாவின் தென்கரையில், களப்பும் வயலும் ஒட்டிக்கிடக்கும் ஊர். மழை பிந்தினால் களப்போர வயலில் உப்பு ஏறும். இலை நுனி காய்ந்து பயிர் குன்றிப்போகும். அப்படியொரு வயலை வைத்திருக்கும் கமக்காரர் ஒருவரை மனதில் நிறுத்திக்கொள்ளுங்கள். பெரும்போகத்தில் அவர் உப்பேறிய துண்டை வரம்பு போட்டு மூன்றாகப் பிரிக்கிறார். ஒன்றில் வழக்கமான பிஜி 94-1 நெல்லை விதைக்கிறார். இரண்டாவதில் உவர் தாங்கும் ஏடி 354 இனம். மூன்றாவதிலும் ஏடி 354 தான், ஆனால் விதைப்புக்கு முன் இரண்டு தரம் நல்ல தண்ணீர் கட்டி வடித்துவிட்ட மண்ணில். அறுவடை முடிந்ததும் எந்தத் துண்டு எத்தனை மூட்டை தந்தது என்று மகளின் பழைய கொப்பியில் எழுதுகிறார். உழவுக்கும் விதைக்கும் கூலிக்கும் போன காசையும் பக்கத்திலேயே குறித்துவைக்கிறார்.

இது ஆராய்ச்சியா? விவசாயப் போதனாசிரியரைக் கேட்டால் ஆம் என்பார். வரிச் சட்டத்தைக் கேட்டால் பதில் சில சொற்களில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அந்தச் சொற்களைக் கணக்காளர்களிடம் மட்டும் விட்டுவிடக் கூடாது என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 15 ஆம் பிரிவு, ஆராய்ச்சி அபிவிருத்திச் செலவையும் விவசாயத் தொடக்கச் செலவையும் ஒரே இடத்தில் வைத்துப் பேசுகிறது. தொழில் வருமானத்தைக் கணிக்கும்போது இரண்டையும் கழித்துக்கொள்ளலாம். செலவு மூலதனத் தன்மையுடையதா என்று பார்க்க வேண்டியதில்லை. புதுக்காணி திறத்தல், அதில் பயிரிடல், கால்நடை வாங்கல், குளத்தையும் நீர்நிலையையும் மீன் வளர்ப்புக்குத் தயார்செய்தல் எல்லாம் விவசாயத் தொடக்கச் செலவுக்குள் அடங்கும். ஆய்வுகூடத்தோடு சேர்த்து வயலையும் நினைத்துப் பார்த்த சட்டம் என்ற அளவில் இதை மனமாரப் பாராட்டலாம்.

ஆராய்ச்சிக்கான வரைவிலக்கணமும் தாராளமானதுதான். தொழிலை மேம்படுத்துவதற்காக இலங்கையிலுள்ள ஏதேனும் நிறுவனத்தின் ஊடாகச் செய்யப்படும் அறிவியல், கைத்தொழில், விவசாய ஆராய்ச்சி அதில் வரும். உயர்பெறுமதி விவசாய விளைபொருள் பற்றிய ஆராய்ச்சியாயின் தொழில் செய்பவர் தாமே செய்யலாம். இவற்றுக்கு அப்பால், தொழிலை வளர்த்து உற்பத்தியையும் செய்முறையையும் திருத்துவதற்கான செலவும் சேரும். நம் கமக்காரர் முதல் இரண்டு வாசலிலும் தடுக்கப்படுவார்: வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழக விவசாய பீடம் போன்ற ஒரு நிறுவனத்தோடு அவருக்கு ஒப்பந்தம் இல்லை, நெல்லை உயர்பெறுமதி விளைபொருள் என்று யாரும் ஏற்கப்போவதில்லை. கடைசி வாசல் வழியாக உள்ளே வரலாம். ஆனால் அதே வாசலால், பொதியின் நிறத்தை மாற்றிவிட்டு ‘உற்பத்தியைத் திருத்தினோம்’ என்று சொல்லும் கம்பனியும் வரலாம்.

இந்த இடத்தில் உலகம் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்று இருக்கிறது. 1963 இல் இத்தாலியின் பிராஸ்காட்டி நகரில் நிபுணர்கள் கூடி உருவாக்கியதால் அந்த ஊரின் பெயரையே பெற்ற கையேடு அது. அதன் 2015 ஆம் ஆண்டுப் பதிப்பு ஐந்து சோதனைகளை வைக்கிறது: புதுமை, ஆக்கத்திறன், விளைவு பற்றிய நிச்சயமின்மை, முறைமை, மற்றவர் எடுத்துச் செய்துபார்க்கக்கூடிய தன்மை. பொதியின் நிறத்தை மாற்றிய கம்பனி இவற்றில் தோற்றுப்போகும். கமக்காரர் புதுமையில் தடுமாறலாம், ஏடி 354 ஏற்கெனவே வெளியான இனம். மற்ற நான்கிலும் அவர் நிற்பார். அவரை நிறுத்துவது அந்தக் கொப்பி. விளைவு முன்கூட்டித் தெரியாமல், ஒழுங்காகப் பிரித்து, எழுதிவைத்துச் செய்த வேலை அது. நம் சட்டத்தில் நிச்சயமின்மை என்ற சொல் இல்லாதது பெரிய குறை. அது இருந்தால் சலுகை உண்மையில் தேடுகிறவரிடம் போகும்.

இனி முக்கியமான சொல்லுக்கு வருவோம். நம் சட்டம் தருவது ‘கழிவு’. அமெரிக்க மாநிலங்கள் பெரும்பாலும் தருவது ‘வரவு’. பேச்சில் இரண்டையும் வரிச்சலுகை என்றே சொல்லிவிடுகிறோம். கணக்கில் இரண்டும் வெவ்வேறு. கழிவு, வரி விதிக்கப்படும் வருமானத்திலிருந்து போகிறது. வரவு, கட்டவேண்டிய வரியிலிருந்தே நேராகப் போகிறது.

பத்து இலட்சம் ரூபா ஆராய்ச்சிக்குச் செலவானது என்று வைத்துக்கொள்வோம். 2022 ஒக்டோபர் முதல் கம்பனிகளுக்கான பொது வரிவீதம் 30 சதவீதம். இலாபமுள்ள கம்பனிக்குக் கழிவால் மூன்று இலட்சம் மிச்சம். 2017 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தபோது தற்காலிகச் சலுகைகளில் ஒன்றாகச் செலவின் 100 சதவீதத்துக்கு மேலதிகக் கழிவும் இருந்தது; அந்த ஏற்பாட்டை இன்றைய வீதத்தில் போட்டால் மிச்சம் ஆறு இலட்சமாகும். தனியாள் ஒருவருக்கு 2025 ஏப்ரல் முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் வரை வரி இல்லை, அதற்கு மேலான முதல் பத்து இலட்சத்துக்கு 6 சதவீதம். அந்தப் படியில் நிற்பவர் அதே பத்து இலட்சத்தைச் செலவழித்தால் அவருக்கு மிச்சம் கூடினால் அறுபதாயிரம். 18 இலட்சத்துக்குக் கீழே இருப்பவருக்கு ஒன்றுமில்லை. ஒரே வேலை, ஒரே செலவு, மூன்று விதமான உதவி. அதுவும் இலாபம் கூடியவருக்கே கூடிய உதவி. கழிவு என்ற சொல்லுக்குள்ளேயே இந்தச் சாய்வு இருக்கிறது.

செலவில் 20 சதவீதம் வரவு என்று வைத்தால் இலாபம் கூடியவருக்கும் குறைந்தவருக்கும் அது இரண்டு இலட்சம்தான். ஆனால் வரியே கட்டாதவருக்கு வரவும் வெறும் தாள். இங்கேதான் ‘மீளளிக்கத்தக்க’ என்ற அடைமொழி வேலை செய்கிறது: வரி இல்லாவிட்டாலும் அந்தத் தொகை காசாகக் கைக்கு வரும். அது இல்லாத இடத்தில் ‘முன்கொண்டு செல்லல்’ இருக்கும். நம் நாட்டில் நட்டத்தை ஆறு ஆண்டுகள் முன்கொண்டு செல்லலாம். கம்பனி ஆறு ஆண்டு காத்திருக்கும், கமக்காரர் அடுத்த போகத்து விதைக்கே கடன் கேட்டு நிற்பார்.

அமெரிக்காவில் மத்திய அரசின் ஆராய்ச்சி வரவு 1981 இல் வந்தது. மறு ஆண்டே மினசோட்டா தன் மாநில வரவைக் கொண்டுவந்தது. பின்னர் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன. அங்கே ‘அடித்தளத் தொகை’ என்றொரு சொல் உண்டு: வழக்கமாகச் செலவழிப்பதற்கு மேலாகக் கூட்டிச் செலவழித்த பகுதிக்கு மட்டுமே வரவு. எப்படியும் செய்யப்போகும் வேலைக்கு அரசு காசு கொடுக்காமல் தடுப்பது அது, நம் சட்டம் கட்டாயம் கற்கவேண்டிய பாடம். வெளியாரிடம் ஒப்படைத்த ஆராய்ச்சியில் 65 சதவீதம்தான் மத்திய வரவில் பொதுவாகச் சேரும். பென்சில்வேனியாவில் பயன்படுத்த முடியாத வரவை இன்னொரு நிறுவனத்துக்கு விற்கலாம். இத்தனை நுணுக்கத்துக்கும் நடுவே 1995 நடுப்பகுதியிலிருந்து ஓராண்டு மத்திய வரவு காலாவதியாகிக் கிடந்தது. 2015 இறுதியில்தான் நிரந்தரமானது. தற்காலிகச் சலுகையை நம்பி யாரும் ஐந்தாண்டு ஆராய்ச்சி தொடங்கமாட்டார்கள். இந்தியாவும் 200 சதவீதமாக இருந்த கழிவை 2017 இல் 150 ஆக்கி, 2020 இல் 100 ஆக இறக்கிவிட்டது.

காசாகக் கொடுப்பதில் ஆபத்து இல்லை என்று சொல்லமாட்டேன். பிரித்தானியாவில் சிறு நிறுவனங்களுக்கு ஆராய்ச்சி வரவு காசாகவும் கிடைத்தது. 2020-21 ஆண்டில் மட்டும் தவறாலும் மோசடியாலும் போன தொகை நூறு கோடி பவுனைத் தாண்டியதென அந்நாட்டு வரித் திணைக்களமே மதிப்பிட்டது. அதன்பின் விதிகளை இறுக்கி, 2024 ஏப்ரலில் திட்டங்களை ஒன்றாக்கினார்கள். ஆகவே மீளளிப்பு வேண்டும், அதற்குச் சிறிய உச்சவரம்பும் முன்கூட்டிய பதிவும் வேண்டும்.

வரிச்சலுகையே வேண்டாம், அரசு நேரே ஆராய்ச்சி செய்தால் போதும் என்று ஒரு வாதம் உண்டு. அதற்கு வலுவான சான்று ஏடி 354 தான். கேரளத்து உவர்நில நெல்லான பொக்காளியையும் நம் பிஜி 94-1 ஐயும் கலந்து அம்பலாந்தோட்டை அரச ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய இனம் அது. எந்த வரிக் கழிவாலும் பிறக்கவில்லை. ஆனால் அம்பலாந்தோட்டை மண் கட்டைபறிச்சான் மண்ணல்ல. எத்தனை தரம் தண்ணீர் கட்டி வடித்தால் இந்த வயலில் உப்பு இறங்கும் என்பதை இந்த வயலில் நிற்பவர்தான் கண்டுபிடிக்கவேண்டும். அந்தக் கண்டுபிடிப்புக்கு அரச நிலையமும் காசு கொடுப்பதில்லை, கழிவும் உதவுவதில்லை.

கழிவு கைகொடுக்காத இன்னொரு வேலையும் இங்கே நடந்தது. 2006 இல் போரால் சம்பூர்ப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அவர்களில் பலர் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்கில் இருந்தார்கள். 2015, 2016 இல் காணிகள் திரும்பக் கிடைத்தபோது காடாகிக் கிடந்த நிலத்தை வெட்டித் திறந்தார்கள். இரண்டாண்டு கழித்து நடைமுறைக்கு வந்த 15 ஆம் பிரிவு ‘காணி திறத்தல்’ என்று பெயர் சொல்லிக் குறிப்பிடும் வேலைதான் அது. வருமானமில்லாத அவர்களுக்குக் கழிவால் ஒரு சதமும் கிடைத்திருக்காது.

வருமான வரி மத்திய அரசின் கையில் இருக்கிறது. மினசோட்டாவைப்போல் கிழக்கு மாகாணம் தனியாக ஒன்றும் செய்யமுடியாது. ஆகவே கேள்வி கொழும்புக்குத்தான். 15 ஆம் பிரிவின் கழிவுக்குப் பக்கத்தில், சிறு செய்கையாளருக்கென உச்சவரம்புள்ள மீளளிக்கத்தக்க வரவு ஒன்றைச் சேர்க்கவேண்டும். போகத்துக்கு முன் கமநல சேவை நிலையத்தில் பதிவும், அறுவடையில் விவசாயப் போதனாசிரியரின் ஒப்பமும் இருந்தால் மோசடிக்கு இடம் குறையும். புதிதாக ஒரு அலுவலகமும் தேவையில்லை.

அதுவரை வயலில் எதையாவது பரீட்சித்துப் பார்க்கும் ஒவ்வொருவரிடமும் ஒன்று கேட்கிறேன். திகதியையும் செலவையும் விளைச்சலையும் எழுதுங்கள், பற்றுச்சீட்டை எறியாதீர்கள். சட்டம் மாறும் நாளில் அந்தக் கொப்பிதான் உங்கள் சாட்சி.