லிட்டர் கணக்கும் வெப்பக் கணக்கும்
சிறிய விளையாட்டுக் கணிப்பொறி பற்றி ஒரு திறனாய்வு

கணிப்பொறியை ஒரே பொருளாக வாங்காமல், உறுப்பு உறுப்பாகத் தேர்ந்தெடுத்துத் தாமே பூட்டிக்கொள்ளும் பழக்கம் நம் இளைஞர்களிடையே பரவியுள்ளது. சென்னை ரிச்சி தெருவுக்கு நேரில் போக முடியாதவர்களுக்கும் இன்று உறுப்புகள் கூரியரில் வீடு தேடி வருகின்றன. இது வரவேற்கத்தக்கதே. தன் கையால் பூட்டிய பொறியின் உள்ளமைப்பை ஒருவர் எளிதில் மறக்கமாட்டார்.

ஆனால் இப்பழக்கத்துடன் ஒரு புதிய நாட்டமும் சேர்ந்து வந்திருக்கிறது. பெட்டி எவ்வளவு சிறியதோ, அவ்வளவு சிறப்பு என்பதே அது. கணிப்பொறிப் பெட்டியின் கொள்ளளவை லிட்டரில் சொல்வது இப்போது வழக்கம். "என்னுடையது 12 லிட்டர்", "என்னுடையது 10 லிட்டர்" என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். சமையல் எண்ணெய் வரும் 15 கிலோ தகர டின்னைவிடச் சிறிய இடத்தில், விளையாட்டுக்கு வேண்டிய வேகமான உறுப்புகள் எல்லாவற்றையும் அடக்கிவிட வேண்டும் என்பது ஆசை.

திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூரில் இருக்கும் ஒரு மாணவர் இந்த நாட்டத்தைப் பின்பற்றலாமா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மேற்கே மலைத்தொடரும் காமராசர் நீர்த்தேக்கமும் கண்ணுக்குத் தெரிந்தாலும், சித்திரை வைகாசியில் ஆத்தூரின் வெயில் சமவெளி வெயில்தான். இத்தகைய கணிப்பொறிக்கு ஆகும் செலவோ ஒரு குடும்பத்தின் சில மாத வருமானம். ஆகவே, குளிர்நாடுகளில் எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே ஏற்காமல் உரசிப் பார்ப்பது நம் கடமையாகிறது.

சிறிய பலகை பிறந்த கதை

சிறு கணிப்பொறிகளுக்கு அடிப்படை மினி-ஐடிஎக்ஸ் என்னும் மதர்போர்டு அளவு. நீளம் 17 சென்டிமீட்டர், அகலமும் 17 சென்டிமீட்டர். இதை 2001-ஆம் ஆண்டில் தைவான் நாட்டு வியா நிறுவனம் வகுத்தது. அதற்கு முன், 1995-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த ஏடிஎக்ஸ் பலகையின் அளவு 30.5க்கு 24.4 சென்டிமீட்டர். பரப்பைப் பெருக்கிப் பாருங்கள். புதிய பலகை பழையதில் பாதிகூட இல்லை.

வியா நிறுவனம் இப்பலகையை எதற்காக உருவாக்கியது என்பது கவனிக்கத்தக்கது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சாதுவான செயலிகளே அதன் குறி. தொடக்க காலத்தில் வந்த மாதிரிகளில் சில, செயலிக்கு விசிறியே இல்லாமல் இயங்கின. அத்தகைய பலகையில் இன்று நாம் எதைப் பொருத்துகிறோம்? 2022 அக்டோபரில் வெளிவந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 கிராபிக்ஸ் கார்டு மட்டுமே 450 வாட் வரை எடுக்கும். 2025 சனவரியில் வந்த ஆர்டிஎக்ஸ் 5090-க்கு 575 வாட். ஒற்றை மாட்டு வண்டியில் லாரிச் சுமையை ஏற்றிவிட்டு, வண்டியின் சிறுமையை மெச்சுவது போன்றது இது.

ஒரு சிறு கணக்கு

கணிப்பொறி எடுக்கும் மின்சாரம் கடைசியில் என்ன ஆகிறது? ஏறத்தாழ முழுவதும் வெப்பமாகிவிடுகிறது. 400 வாட் என்றால் நொடிக்கு 400 ஜூல் வெப்பம். இதை வெளியேற்றுவது காற்றின் வேலை. எவ்வளவு காற்று வேண்டும் என்று பார்ப்போம்.

நம் ஊர் வெப்பநிலையில் 1 லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.15 கிராம். 1 கிராம் காற்றை 1 டிகிரி சூடேற்றச் சுமார் 1 ஜூல் தேவை. ஆகவே, பெட்டிக்குள் நுழையும் காற்று 10 டிகிரி சூடேறி வெளியேறினால், ஒவ்வொரு லிட்டரும் 11.5 ஜூல் வெப்பத்தைச் சுமந்து செல்லும். 400-ஐ 11.5-ஆல் வகுத்தால் கிடைப்பது ஏறத்தாழ 35. அதாவது நொடிக்கு 35 லிட்டர் காற்று வேண்டும். பெட்டி 10 லிட்டர் என்றால், அதிலுள்ள காற்று முழுவதும் ஒரு நொடியில் மூன்றரை முறை மாற வேண்டும்.

இக்கணக்கில் ஒன்றைக் கவனித்தீர்களா? பெட்டியின் கொள்ளளவு இதில் எங்கும் நுழையவில்லை. பெட்டி 40 லிட்டராக இருந்தாலும் தேவைப்படும் காற்று அதே 35 லிட்டர்தான். எனவே சிறிய பெட்டி சூடாகும், பெரிய பெட்டி குளிரும் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது சரியன்று. முன்பக்கம் கண்ணாடியால் அடைபட்ட பெரிய பெட்டியைவிட, பக்கமெல்லாம் வலையாக உள்ள சிறிய பெட்டி நன்றாகக் குளிரக்கூடும்.

முக்கியமானது காற்று நுழையும் வழி. 35 லிட்டர் காற்று 200 சதுர சென்டிமீட்டர் திறப்பின் வழியே நுழைந்தால், அதன் வேகம் நொடிக்கு 1.75 மீட்டர். 50 சதுர சென்டிமீட்டர் மட்டுமே திறப்பு என்றால் வேகம் 7 மீட்டர். வேகம் நான்கு மடங்கானால், காற்றைத் தள்ளத் தேவைப்படும் அழுத்தம் ஏறத்தாழ பதினாறு மடங்காகும். விசிறி அலறும். ஆகவே ஒரு பெட்டியைத் திறனாய்வு செய்கிறவர் முதலில் சொல்ல வேண்டியது லிட்டர் கணக்கையன்று, திறப்பின் பரப்பைத்தான். ஆனால் விளம்பரங்களில் லிட்டர் தவறாமல் இடம்பெறுகிறது. திறப்பின் பரப்பு இடம்பெறுவதோ அரிது.

செயலிக்கு வியர்ப்பதில்லை

அடுத்தது அறையின் வெப்பம். வெளிநாட்டுச் சோதனைகள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி வரையிலான அறைகளில் நடத்தப்படுகின்றன. அத்தகைய சோதனை ஒன்றில், 22 டிகிரி அறையில் செயலியின் வெப்பநிலை 75 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அறையைவிட 53 டிகிரி கூடுதல். காங்கிரீட் கூரையின் கீழ் உள்ள அறையில் சித்திரைப் பிற்பகலில் 36 டிகிரி இருந்தால், அதே செயலி சுமார் 89 டிகிரிக்கு ஏறும். 2023-இல் வெளிவந்து விளையாட்டுக்குப் பெயர்பெற்ற ஏஎம்டி ரைசன் 7 7800எக்ஸ்3டி செயலிக்கு வகுக்கப்பட்டிருக்கும் உச்ச வரம்பு அதே 89 டிகிரிதான். வரம்பைத் தொட்டதும் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய வேகம் பிற்பகலில் கைக்கு எட்டாமல் போகும்.

மேலே மின்விசிறி சுழல்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். மின்விசிறி அறையைக் குளிரச் செய்வதில்லை. நம் உடம்பின் வியர்வை விரைவில் ஆவியாக உதவுகிறது, அதனால் நமக்குக் குளிர்கிறது. செயலிக்கு வியர்ப்பதில்லை. எத்தனை விசிறி வைத்தாலும் அது அறையின் வெப்பநிலைக்குக் கீழே இறங்காது.

நீர்க்குளிர்விப்பு பற்றியும் இத்தகைய மயக்கம் உண்டு. நீர் என்றதும் மண்பானை நினைவுக்கு வருகிறது. மண்பானை நீர் குளிர்வது, அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாவதால். கணிப்பொறியின் நீரோ மூடிய குழாய்க்குள் சுற்றுகிறது, ஆவியாவதில்லை. அது வெப்பத்தைச் செயலியிலிருந்து எடுத்து, ரேடியேட்டர் வழியாக அதே அறைக் காற்றில்தான் விடுகிறது. வெப்பத்தை வசதியான இடத்துக்குக் கொண்டுபோக அது உதவும், அவ்வளவே.

மேலும், ஓய்வாக அமர்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடல் சுமார் 100 வாட் வெப்பம் வெளியிடுகிறது. 400 வாட் கணிப்பொறி என்பது உங்கள் அறையில் கூடுதலாக நால்வர் அமர்ந்திருப்பதற்குச் சமம்.

மூன்று பெட்டிகள்

இனி நடைமுறையில் வந்த மூன்று பெட்டிகளைப் பார்ப்போம்.

முதலாவது, என்கேஸ் எம்1. ஆர்வலர் இருவர் வடிவமைத்து, 2013-இல் பொதுமக்களிடம் முன்பணம் திரட்டி உருவாக்கியது. ஏறத்தாழ 12.6 லிட்டர். பக்கங்களில் துளைகள் நிறைய உண்டு. சிறிய பெட்டியையும் சிந்தித்துச் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

இரண்டாவது, கூலர் மாஸ்டர் நிறுவனம் 2020-இல் வெளியிட்ட என்ஆர்200. சுமார் 18 லிட்டர். மிகச் சிறிது என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கூடுதல் லிட்டர்கள் வீணாகவில்லை. 15.5 சென்டிமீட்டர் உயரமுள்ள குளிர்விப்பான் இதில் அடங்கும். கைநுழைந்து வேலை செய்யவும் இடம் உண்டு.

மூன்றாவது, அமெரிக்காவின் என்இசட்எக்ஸ்டி நிறுவனம் 2020-இல் கொண்டுவந்த எச்1. பவர் சப்ளை, நீர்க்குளிர்விப்பு, இணைப்புக் கம்பிகள் எல்லாம் முன்கூட்டியே பொருத்தி வந்ததால், புதியவர்களுக்கு இது எளிதாக இருந்தது. அந்தப் பாராட்டு இதற்கு உரியதே. ஆனால் இடக் குறைவால் கிராபிக்ஸ் கார்டை மதர்போர்டில் நேராகச் செருகாமல், ரைசர் என்னும் நீட்டிப்பு இணைப்பு வழியாகப் பொருத்தினார்கள். அந்த இணைப்பின் சிறு பலகையைப் பிடித்திருந்த திருகாணிகள், பலகைக்குள் ஓடும் 12 வோல்ட் செம்புத் தகட்டைத் தொட்டு மின்குறுக்கு உண்டாக்கக்கூடும் என்று தெரிந்தது. சில பெட்டிகள் தீப்பற்றின. முதலில் நிறுவனம் நைலான் திருகாணிகளை அனுப்பியது. பின்னாளில் யாராவது மறுபடி உலோகத் திருகாணியைப் போட்டுவிட்டால் என்ன ஆகும் என்று விமர்சகர்கள் கேட்டார்கள். அக்கேள்வி நியாயமானது. 2021 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தின் வழியே, அந்நாட்டில் மட்டும் சுமார் 32,000 பெட்டிகளுக்குத் திரும்பப்பெறும் அறிவிப்பு வந்தது. குறையுள்ள இணைப்பு மாற்றித் தரப்பட்டது.

சிறிய பெட்டி என்றாலே தீப்பிடிக்கும் என்று இதற்குப் பொருளன்று. உறுப்புகள் நெருங்க நெருங்க, வடிவமைப்பில் பிழைக்கு இடமில்லாமல் போகிறது என்பதே பாடம். பெரிய பெட்டியில் பொருட்படுத்தாத ஒரு மில்லிமீட்டர், சிறிய பெட்டியில் பாதுகாப்பின் எல்லையாகிவிடுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

நம் மாணவர்கள் செய்யும் தவறு, முதலில் பெட்டியைத் தேர்ந்தெடுப்பது. வரிசையைத் தலைகீழாக்குங்கள். முதலில் திரையைத் தீர்மானியுங்கள். 1920க்கு 1080 திரையில் சுமார் 20 லட்சம் புள்ளிகள். 3840க்கு 2160 திரையில் சுமார் 83 லட்சம், அதாவது நான்கு மடங்கு. கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு பெரும்பாலும் இப்புள்ளிகளைப் பொறுத்தது. முதல் வகைத் திரை போதும் என்றால், 2023-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற 115 வாட் கார்டு உங்கள் தேவையைப் பெரும்பாலும் நிறைவேற்றும். அதனுடன் 65 வாட் வகைச் செயலி ஒன்றைச் சேர்த்தால், மொத்தம் 250 வாட்டுக்குள் அடங்கும். மேற்சொன்ன கணக்கின்படி இதற்கு நொடிக்கு 22 லிட்டர் காற்று போதும். இந்த வாட் கணக்கு முடிந்த பிறகே பெட்டியைத் தேடுங்கள்.

வேகமான உறுப்பை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கும் வழி உண்டு. செயலியின் மின்செலவு, அதிர்வெண்ணையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. இரண்டையும் பத்தில் ஒரு பங்கு குறைத்தால், 0.9-ஐ மும்முறை பெருக்கிய அளவு, அதாவது 0.73 பங்கு மின்சாரமே செலவாகும். 10 சதவீத வேகத்தை விட்டுக்கொடுத்து 27 சதவீத வெப்பத்தைத் தவிர்ப்பது நல்ல பேரம் அல்லவா? மதர்போர்டின் அமைப்புகளிலேயே மின்வரம்பைக் குறைக்கும் வசதி பெரும்பாலும் உண்டு.

பழுதுபார்ப்பையும் முன்கூட்டியே எண்ண வேண்டும். சிறு பெட்டிகள் பலவும் எஸ்எஃப்எக்ஸ் என்னும் சிறு அளவுப் பவர் சப்ளையையே ஏற்கும். வழக்கமான ஏடிஎக்ஸ் பவர் சப்ளை கெட்டால், திண்டுக்கல்லிலோ மதுரையிலோ வாங்கி அன்றே மாட்டிவிடலாம். சிறு அளவினது கெட்டால், கூரியர் வரும்வரை காத்திருக்க நேரலாம். பரீட்சைக் காலத்தில் அது சிறு தொல்லையாக இராது. ஆகவே ஏடிஎக்ஸ் பவர் சப்ளையை ஏற்கும் சிறு பெட்டிகளுக்கு ஒரு மதிப்பெண் கூட்டிக் கொடுங்கள். தூசு வலையைக் கழற்றிக் கழுவ முடியுமா என்றும் பாருங்கள். அருகில் தறி ஓடும் வீடுகளில் நூல் தூசு விரைவில் வலையை அடைத்துவிடும்.

முடிவாக

சிறு கணிப்பொறிக்கு நியாயமே இல்லை என்று சொல்ல வரவில்லை. விடுதிக்கும் வீட்டுக்கும் இடையே பேருந்தில் தூக்கிச் செல்ல வேண்டிய மாணவருக்கும், ஒரே அறையில் படிப்பும் உறக்கமும் நடக்கும் வீட்டுக்கும் அது உண்மையான உதவி. அத்தகையவர் சிறிய பெட்டியை வாங்கட்டும். ஆனால் பெட்டியைச் சுருக்கும் அளவுக்கு வாட்டையும் சுருக்கட்டும். மேசை விசாலமாக உள்ளவர், படத்தில் அழகாகத் தெரிகிறது என்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுத்துச் சிறிய பெட்டி வாங்கத் தேவையில்லை.

அடுத்த முறை யாராவது தம் கணிப்பொறி 10 லிட்டர் என்று சொன்னால், மூன்று கேள்விகள் கேளுங்கள். எத்தனை வாட்? காற்று நுழையும் திறப்பு எவ்வளவு? சோதித்த அறையின் வெப்பநிலை என்ன? இம்மூன்றுக்கும் விடை தெரிந்தால், அக்கணிப்பொறி ஆத்தூர்க் கோடையைத் தாங்குமா என்பதை நீங்களே ஒரு துண்டுத்தாளில் கணக்கிட்டுவிடலாம்.