தடயமும் நம்பகமும்: ‘ரொஜர் அக்ரொய்ட் கொலை’ பற்றிய ஒரு விமர்சன நோக்கு

துப்பறியும் நாவலை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் கொண்டுவருவதற்கு எமது விமர்சகர்களிற் பலர் தயங்குவர். அது பொழுதுபோக்கு எழுத்து. புகையிரதப் பயணத்தில் வாசித்து ஆசனத்திலேயே விட்டுச் செல்லத்தக்கது என்பது பொதுவான கருத்து. மேனாட்டிலும் இக்கருத்துக்குக் குறைவில்லை. அமெரிக்க விமர்சகர் எட்மன்ட் வில்சன் 1945ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றின் தலைப்பிலேயே, ரொஜர் அக்ரொய்டைக் கொன்றவர் யாராயினும் அதனால் எவருக்கு என்ன என்று வினவினார். கொலையாளியின் பெயரை அறிவது மட்டுமே இத்தகைய நாவலின் பயன் என்றால் வில்சனின் வினா நியாயமானதே. ஆனால், கொலையாளி புனைந்த பொய்யை அத்தனை பேரும் ஏன் நம்பினர் என்று கேட்கத் தொடங்கும்போது நாவல் வேறொரு முகத்தைக் காட்டுகின்றது. அகதா கிறிஸ்ரி 1926இல் வெளியிட்ட ‘ரொஜர் அக்ரொய்ட் கொலை’ என்னும் நாவலை இவ்வினாவின் துணையுடன் அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடயத்தைத் திரித்தல் துப்பறியும் கதையிற் புதிய உத்தியன்று. ஆதர் கொனன் டொயில் 1903இல் வெளியிட்ட ‘நோர்வூட் கட்டட ஒப்பந்தகாரர்’ என்ற சிறுகதையை இங்கு நினைவுகூர்தல் தகும். தான் கொலையுண்டதாகப் பிறரை நம்பவைக்க விரும்பும் ஜோனாஸ் ஓல்டேக்கர், இளம் சட்டத்தரணி ஒருவனின் பெருவிரல் அடையாளத்தை முத்திரை மெழுகிலிருந்து படியெடுத்து, இரத்தந் தோய்த்துச் சுவரிற் பதிக்கின்றான். பொலிஸ் அதிகாரி லெஸ்ட்ரேட் வழக்கு முடிந்தது என்றே மகிழ்கின்றார். ஸ்கொட்லாந்து யார்ட்டில் விரலடையாளப் பிரிவு 1901இலேயே அமைக்கப்பட்டது. விரலடையாளத்தை ஆதாரமாகக் கொண்டு பிரித்தானியாவிற் கொலைக்குற்றத் தீர்ப்பு முதன்முதலாக வழங்கப்பட்டது 1905இல். ஆகவே கதை வெளிவந்த வேளையில் விரலடையாளம் புதிய விஞ்ஞானத்தின் கௌரவத்தைப் பெற்றிருந்தது. ஓல்டேக்கர் பயன்படுத்திக்கொண்டது அந்தக் கௌரவத்தையே. முதல்நாள் அவ்விடத்தைத் தாமே ஆராய்ந்திருந்தமையால், அப்போது அங்கு இல்லாத அடையாளம் மறுநாள் தோன்றியமையை ஹோம்ஸ் கண்டுகொள்கின்றார். சட்டத்தரணியோ அதற்கு முன்னரே கைதாகியிருந்தான். திரித்த தடயம் நிலைபெறுவதற்கு அதனை நம்பத் தயாரானதொரு மனம் வேண்டும் என்பதை இக்கதை உணர்த்துகின்றது. எனினும் இங்கு நம்பப்பட்டது ஒரு பொருள். கிறிஸ்ரியின் நாவலில் நம்பப்படுவது ஒரு மனிதன்.

கிங்ஸ் அபட் என்னும் ஆங்கிலக் கிராமத்தின் செல்வந்தர் ரொஜர் அக்ரொய்ட் தமது வாசிப்பறையிற் குத்திக் கொல்லப்படுகின்றார். கதையைக் கூறுபவர் அவ்வூர் வைத்தியரான ஷெப்பேட். கணவனை நஞ்சூட்டிக் கொன்ற திருமதி ஃபெராஸை மிரட்டி அவர் ஏறத்தாழ 20,000 பவுண் பறித்தவர். அப்பெண் இறக்குமுன் எழுதிய கடிதம் அக்ரொய்டின் கைக்கு வந்துசேரவே, உண்மை வெளிப்படாதிருக்க அவர் நண்பரைக் கொல்கின்றார். இம்முடிவு இன்று பரவலாக அறியப்பட்டதாதலால் அதனை மறைத்து எழுதுவதிற் பயனில்லை.

ஷெப்பேட் திரிக்கும் தடயங்கள் மூன்று வகைப்பட்டவை. முதலாவது, காலம். பேச்சைப் பதிவுசெய்யும் டிக்டபோன் கருவியைக் குறித்த நேரத்தில் இயங்குமாறு அமைத்து, இரவு 9.30 மணிக்கு இறந்தவரின் குரல் அறையினுள் ஒலிக்கச் செய்கின்றார். இரண்டாவது, இடம். அக்ரொய்டின் மனைவியினுடைய முன்னைய திருமணத்துப் புதல்வன் ரால்ஃப் பேட்டனின் சப்பாத்துகளை எடுத்து யன்னலிற் சுவடு பதிக்கின்றார். மூன்றாவது, தமது மீள்வருகை. கப்பற் பணியாளனான நோயாளி ஒருவனைக் கொண்டு புகையிரத நிலையத்திலிருந்து தமக்குத் தொலைபேசி அழைப்பொன்றை வருவித்து, அதனைக் கொலைச் செய்தியென்று கூறி, சடலம் கண்டெடுக்கப்படும் வேளையில் அங்கு நிற்பதற்கு வழிசெய்துகொள்கின்றார். பட்லர் பாக்கரைப் பொலிசாருக்கு அறிவிக்க அனுப்பிவிட்டு, கருவியைத் தம் வைத்தியப் பையினுள் மறைக்கின்றார்.

அந்தப் பை இங்கு சிந்திக்கத்தக்கது. வைத்தியர் பையுடன் வருவது இயல்பு. அதனைத் திறந்து பார்க்க எவருக்கும் தோன்றாது. சடலத்தைப் பரிசோதித்து மரணம் நிகழ்ந்த நேரம் பற்றி அபிப்பிராயம் கூறுபவரும் அவரே. பட்லரோ தன் பழைய எசமானைப் பற்றிய இரகசியத்தாற் பணம் பறித்தவன் என்ற காரணத்தினாலும், சாள்ஸ் கென்ற் ஊருக்கு அந்நியன், போதைப்பொருளுக்கு அடிமைப்பட்டவன் என்ற காரணத்தினாலும் ஐயத்துக்குள்ளாகின்றனர். ரால்ஃப் கடனாளி, ஆதலால் அவனது சுவடு கேள்வியின்றி ஏற்கப்படுகின்றது. பொலிசாரின் ஐயம் சமூகப் படிநிலையைப் பின்பற்றியே நகர்கின்றது. இந்தப் பாதையை முன்கூட்டியே அறிந்தவராதலின், ஷெப்பேட் தம் பொய்களை அதன் வழியிலேயே வைக்கின்றார்.

குற்றமற்றவர்களும் உண்மையைத் திரிக்கின்றனர் என்பது இந்நாவலின் மற்றொரு சிறப்பாகும். இரவு 9.45 மணிக்குத் தன் பெரியதந்தையைக் கண்டதாக ஃபுளோரா கூறுகின்றாள். உண்மையில் அவள் அக்ரொய்டின் படுக்கையறையில் 40 பவுண் திருடிவிட்டு, அதனை மறைக்கவே வாசிப்பறைக் கதவருகே நின்று அப்பொய்யை உரைத்தாள். கொலையாளியே எதிர்பாராத இப்பொய் அவருக்கு அரணாகின்றது. 9.45க்கு வேறிடத்தில் இருந்தமையைக் காட்டக்கூடிய கென்றுக்கும் அது ஒரு காப்பு; அவள் உண்மையை ஒப்புக்கொண்டதும் அக்காப்பு தகர்கின்றது. வறிய உறவினளாக வாழும் ஒரு பெண்ணின் சிறு பொய், தனக்கு முற்றிலும் அறிமுகமற்ற ஒருவனின் உயிரோடு பிணைந்துவிடுகின்றது. ஒவ்வொருவரும் எதையோ ஒளிக்கிறீர்கள் என்று துப்பறிவாளர் புவாரோ எல்லோரையும் நோக்கிக் குற்றஞ்சாட்டுவது இதனாலேயே பொருள் பெறுகின்றது.

இப்பின்னலை அவிழ்க்கும் இரு சான்றுகள் நுணுகி நோக்கத்தக்கவை. முதலாவது, ஒரு நாற்காலி. வாசலில் நிற்போருக்கு டிக்டபோன் தென்படாதிருக்க ஷெப்பேட் உயரமான முதுகுடைய நாற்காலியை முன்னே இழுத்துவைத்திருந்தார். பின்னர் அதனை மீண்டும் பழைய இடத்துக்குத் தள்ளிவிட்டார். இதனைக் கவனித்தவன் பாக்கர். அந்த அறையின் ஒழுங்கு அவனது அன்றாடப் பணிக்குரியது. எந்தப் பொருள் எங்கு நிற்கவேண்டும் என்பதை அவன் கண் அறியும். பணியாளனின் கண்ணும் ஒரு சாட்சி என்பதைக் கனவானாகிய கொலையாளி எண்ணிப்பார்க்கவில்லை. அறிவு உழைப்பிலிருந்து பிறக்கின்றது என்ற உண்மை, அதனைக் கூற முற்படாத ஒரு நாவலில் இவ்வாறு வெளிப்படுகின்றது.

இரண்டாவது, மொழி. 9.30 மணிக்குக் கதவுக்கு வெளியே செயலாளர் ரேமன்ட் கேட்ட சொற்கள் ஒருவர் மற்றொருவருடன் உரையாடும் சொற்களாக இல்லை; கடிதத்துக்குரிய வாசகமாக இருந்தன. நேரில் இருப்பவரிடம் எவரும் அவ்வாறு பேசார் என்பதிலிருந்து, அக்ரொய்ட் எதிரே ஒரு மனிதர் இருக்கவில்லை என்று புவாரோ உய்த்துணர்கின்றார். சில நாட்களுக்கு முன்னர் டிக்டபோன் விற்பனையாளர் ஒருவர் வந்துபோனமை அதனை உறுதிசெய்கின்றது. பேச்சு வழக்குக்கும் எழுத்து வழக்குக்கும் இடையே அகன்ற வேறுபாடு நிலவும் மொழியைச் சேர்ந்த எமக்கு இத்தடயத்தின் வலிமை விளக்கமின்றியே புலனாகும். குரலைப் போலியாக்கலாம், அக்குரலின் நடை எச்சந்தர்ப்பத்துக்கு உரியது என்பதை மாற்றுதல் அரிது.

இனி, ஆசிரியர் வாசகனை ஏமாற்றினாரா என்னும் நெடுநாள் விவாதத்துக்கு வருவோம். நாவல் வெளிவந்து மூன்று ஆண்டுகளின் பின்னர், 1929இல், ரொனால்ட் நொக்ஸ் என்ற கத்தோலிக்க மதகுரு துப்பறியும் கதைக்குப் பத்து விதிகள் வகுத்தார். வாசகன் எவரது எண்ணங்களைத் தொடர்ந்து அறிகின்றானோ அவரே குற்றவாளியாதல் ஆகாது என்பது அவற்றின் ஒரு கூறு. அவ்விதிப்படி கிறிஸ்ரி தவறிழைத்தவராவார். ஆனால் ஷெப்பேட் எழுதியவற்றுள் நேரடிப் பொய்யைத் தேடினாற் கிடைப்பது அரிது. கடிதம் வந்தது 8.40க்கு, தாம் அறையை விட்டு நீங்கியது 8.50க்கு என்று அவர் தாமே எழுதுகின்றார். இடைப்பட்ட பத்து நிமிடங்களில் நிகழ்ந்தது யாது என்று கேட்கும் உரிமை வாசகனிடமே விடப்பட்டுள்ளது. நாம் அதனைக் கேட்பதில்லை. ஊரவர் வைத்தியரின் பையைத் திறவாததுபோலவே, நாமும் கதைசொல்லியின் வாக்கியத்தைத் திறந்து பார்ப்பதில்லை. இவ்விடத்து நாவலே திரித்த தடயமாகிவிடுகின்றது. கொலையாளி ஊருக்குச் செய்ததையும் ஆசிரியர் வாசகனுக்குச் செய்ததையும் பிரிக்கமுடியாதவாறு இணைத்தமையே இந்நாவலின் கலைவெற்றி. பிரெஞ்சு விமர்சகர் பியர் பயார் 1998இல் வெளியிட்ட நூலில் புவாரோவின் முடிவையே மறுத்து, ஷெப்பேட்டின் சகோதரி கரோலினே கொலையாளி என்று வாதிட்டார். அவ்வாதம் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. ஷெப்பேட்டின் நீண்ட ஒப்புதலை அது எளிதில் ஒதுக்கிவிடுகின்றது. ஆயினும், துப்பறிவாளரின் தீர்ப்பையும் ஐயுறலாம் என்ற துணிவை வாசகனுக்கு ஊட்டியது இந்நாவலே என்பதற்கு பயாரின் நூல் தக்க சான்றாகும்.

நாவலின் குறையையும் கூறாது விடுதல் முறையன்று. இறுதியில் புவாரோ ஷெப்பேட்டுக்கு ஒரு வழியைத் திறந்துவிடுகின்றார். சகோதரிக்கு அவமானம் நேராதிருக்க, அவர் தூக்கமருந்தை மிகையாக உட்கொண்டு அமைதியாக இறக்கலாம். வாசகனுக்கு இது கருணையாகத் தோன்றும். ஆனால் கொலை செய்தவன் பட்லர் பாக்கராகவோ சாள்ஸ் கென்றாகவோ இருந்திருப்பின் இவ்வழி திறந்திருக்குமா? அவர்களுக்கு நீதிமன்றமும் தூக்குமேடையுமே காத்திருந்திருக்கும். அந்தஸ்து உண்மையை எவ்வாறு மறைக்கின்றது என்பதை இருபத்தாறு அத்தியாயங்களில் எமக்குக் காட்டிய ஆசிரியர், இறுதி அத்தியாயத்தில் அதே அந்தஸ்துக்குச் சலுகை வழங்குகின்றார். தாம் கண்டதன் முழுப் பொருளையும் ஏற்க அவரது வர்க்கச் சூழல் இடந்தரவில்லை என்றே கொள்ளவேண்டும்.

இக்குறையுடனேயே இந்நாவல் மீள்வாசிப்புக்குரியது. கொலையாளி யாரென்று அறிந்தபின் வாசிக்கும்போதே இதன் ஒவ்வொரு வாக்கியமும் புதிய பொருள் தருகின்றது. சாட்சியத்தை எடைபோடும்போது சொல்லப்பட்டதைப் பார்க்கின்றோமா, சொல்பவரின் பதவியைப் பார்க்கின்றோமா என்ற வினா நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று. வரலாறு பயில்வோரும் இலக்கியம் பயில்வோரும் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினா அது. அக்ரொய்டைக் கொன்றவர் யார் என்பது எவருக்கு என்ன என்ற வில்சனின் கேள்விக்கு, அக்கொலையாளியை நம்பியவர்களுள் நாமும் இருக்கின்றோம் என்பதே விடையாகும்.