வெற்று வரைபடத் தாள்

10ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்காகக் காகிதக் கடைகளில் கட்டுக் கட்டாக வைத்திருக்கும், தமிழ்நாட்டின் எல்லைக்கோட்டைத் தவிர வேறொன்றும் அச்சிடப்படாத அந்த மெல்லிய தாளின்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. விரிக்கும்போது எழும் சலசலப்பே சுகமானது. நீல வர்ணப் பென்சிலின் முனையைப் பிளேடால் பொடியாகச் சுரண்டி, பஞ்சினால் மிருதுவாகத் தேய்த்து, கரையருகே அடர்ந்தும் விலக விலக மெலிந்தும் வங்காள விரிகுடாவை உண்டாக்குகிற ஒரு சிறுமியின் சிரத்தை, தேர்ந்த சித்திரக்காரரும் மெச்சத் தக்கதே.

பிறகு ஒகேனக்கல்லில் பென்சிலை ஊன்றி, மேட்டூரில் நீர்த்தேக்கத்தைச் சற்றே அகலமாக்கி, முக்கொம்பில் கொள்ளிடத்தைப் பிரித்துவிட்டு, ஒவ்வொரு வளைவுக்கும் மணிக்கட்டைத் தளர்த்தியபடி பூம்புகார் வரை அவள் இழுத்துச் செல்லும் ரேகையில், மனப்பாடமாக இருந்த காவிரி கைப்பழக்கமாகிவிடுகிறது. ஊர்ப் பெயர்களின் பொடி எழுத்துகள் கடலுக்குள் சரியாமல் நிற்பதற்கு மட்டும் இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.