வெட்கமும் வர்க்கமும்: இரு திரைப்படங்கள் குறித்து

வறுமையும் ஏற்றத்தாழ்வும் ஒன்றல்ல. வறுமையை ஏழையின் வீட்டுக்குள் நின்றே காட்டிவிடலாம். ஏற்றத்தாழ்வோ வர்க்கங்களுக்கு இடையிலான உறவு. செல்வந்த நாடுகளைச் சித்திரிக்கும் கலைக்கு இவ்வேறுபாடு எத்துணை முக்கியமானது என்பதை, கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற இரு படங்களைக் கொண்டு நோக்கலாம்.

கென் லோச் நெறிப்படுத்திய 'ஐ, டானியல் பிளேக்' (2016) பிரித்தானியாவின் நியூகாஸல் நகரைக் களமாகக் கொண்டது. மாரடைப்புக்குள்ளான தச்சுத் தொழிலாளியை வேலைசெய்ய வேண்டாமென மருத்துவர் தடுக்கிறார். அரசின் மதிப்பீடோ அவர் வேலைக்குத் தகுதியானவர் என்கிறது. அவருக்கு அறிமுகமான இளந்தாய், பிள்ளைகளுக்கு உணவளித்துத் தான் பட்டினி கிடப்பவள், உணவு வங்கியில் தகரத்திலடைத்த உணவை அங்கேயே திறந்து கையால் உண்கிறாள். மறுகணம் வெட்கித்து அழுகிறாள். இது மிகைப்படுத்தலன்று. 2015-16 நிதியாண்டில் ட்ரஸல் டிரஸ்ட் என்னும் தொண்டு நிறுவனத்தின் உணவு வங்கிகள் மட்டும் 11 இலட்சத்துக்கும் மேற்பட்ட அவசர உணவுப்பொதிகளை வழங்கின. வளம் மலிந்த நாட்டில் வறியவராயிருப்பதன் தனித்துன்பம் பசியன்று, வெட்கமே என்பதை லோச் துல்லியமாக உணர்ந்துள்ளார். ஆயினும் படத்தில் செல்வந்தர் எவரும் முகங்காட்டுவதில்லை. படிவமும் தொலைபேசியும் அலுவலரும் எதிரிகளாக நிற்க, அவற்றின் பின்னுள்ள வர்க்கம் மறைந்துபோகிறது.

போங் ஜூன்-ஹோவின் 'பரசைட்' (2019) இரு முனைகளையும் ஒரே வீட்டில் நிறுத்துகிறது. சியோல் நகரில் பாதி நிலத்தினுள் அமைந்த வீட்டில் வாழும் குடும்பத்தினர் ஒவ்வொருவராகச் சூழ்ச்சியால் ஒரு செல்வந்தர் மனையில் வேலை பெறுகின்றனர். ஓரிரவு மழை அவர்களது வீட்டைக் கழிவுநீரில் மூழ்கடிக்கிறது. மறுநாள் எசமானிக்கு அது வானத்தைத் துலக்கிய நல்மழை. (2022 ஆகஸ்டில் சியோலில் பெய்த பெருமழையில் இத்தகைய வீடொன்றில் ஒரே குடும்பத்தவர் மூவர் மூழ்கி இறந்தனர்.) இதனினும் ஆழமானது பிறிதொன்று. அக்குடும்பத்தினரின் மிகக் குரூரமான மோதல் எசமானருடன் நிகழ்வதன்று; அவர்களால் வேலையிழந்த பணிப்பெண்ணுடனும் நிலவறையில் ஒளிந்து வாழும் அவள் கணவனுடனும் நிகழ்வது. அக்கணவனோ எசமானரைத் தெய்வமாகவே போற்றுபவன். வறியோர் தமக்குள் பகைத்து, மேலிருப்போரை வணங்கும் இந்நிலையை எந்தப் புள்ளிவிவரமும் இவ்வளவு தெளிவாகக் காட்டிவிடாது.

புறத்தோற்றத்தை அவ்வாறே பதிவுசெய்வது இயற்பண்புவாதம். முரண்பாட்டின் இயக்கத்தைப் புலப்படுத்துவதே யதார்த்தவாதம். இவ்வளவுகோலின்படி, நம்பற்கரிய கதை கொண்ட 'பரசைட்'டே யதார்த்தத்துக்கு அண்மையது.

எனினும் அதில் எசமானரைக் குத்துவது தனிமனித ஆத்திரத்தின் கத்தி. மகனின் கனவோ அம்மனையைத் தானே விலைக்கு வாங்குவது. லோச்சின் தச்சர் அலுவலகச் சுவரில் தம் பெயரை எழுதும்போது தெருவில் நிற்போர் ஆரவாரிக்கின்றனர். அந்த ஆரவாரத்துக்கு நிகரான கணமொன்று கொரியப் படத்தில் எங்குமில்லை.